கூகுள் ஃபான்ட்ஸின் தமிழ்ப் பகுதி: டிசைன் மாணவர்களுக்கு எது தேறும், எது தேறாது

கிராஃபிக் டிசைன் படிக்கும் மாணவர் தமிழில் வேலை செய்யத் தொடங்கினால் முதலில் போய் நிற்கும் இடம், எழுத்துருத் தளமான கூகுள் ஃபான்ட்ஸ். காசு கேட்காது, கணக்குத் தொடங்கச் சொல்லாது, உரிமத்தில் வில்லங்கம் கிடையாது. அதன் தமிழ்ப் பகுதியை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் நம் தீர்ப்பு இது: திரையில் படிக்கும் உரைக்கும், கோடு ஒரே கனத்தில் ஓடும் நவீன எழுத்துக்கும் தாராளமாக இருக்கிறது. புத்தகப் பக்கத்துக்குப் பொருந்தும் தடிப்பும் மெலிவும் உள்ள எழுத்து ஒன்றிரண்டுதான். போஸ்டருக்கும் தலைப்புக்கும் தனிக் குணமுள்ள எழுத்து அதைவிடக் குறைவு. ஆனால் மாணவர் வேலைகளில் தமிழ் உடைந்து, கலைந்து வருவதற்குப் பெரும்பாலும் எழுத்துரு காரணமில்லை. மென்பொருளில் ஒரு பொத்தானை மாற்றாமல் விட்டதுதான் காரணம். அதனால் எழுத்துருக்களோடு அவற்றைக் கையாளும் முறையையும் இங்கே சேர்த்தே பார்க்கிறோம்.

தளத்தில் மொழி வடிகட்டியில் தமிழைத் தேர்ந்தால் தமிழ் எழுத்துள்ள எழுத்துருக் குடும்பங்கள் மட்டும் நிற்கும். அங்கே 'பிரபலம்' என்ற வரிசையை நம்பி இறங்க வேண்டாம். கட்டமரன், ஹிந்த் மதுரை போன்றவற்றை ஆங்கிலத்துக்காக மட்டும் பயன்படுத்தும் இணையதளங்கள் ஏராளம். அந்த வரிசை தமிழுக்கு எது நல்லது என்று சொல்வதில்லை. மாதிரி வாசகமாகத் தளமே காட்டும் பத்தியையும் நம்பக் கூடாது. அதில் சாதாரண எழுத்துகளே வரும், சிக்கலானவை ஒளிந்துகொள்ளும். பெட்டியில் இந்த வரியை ஒட்டிப் பாருங்கள்:

ஸ்ரீ ஶ்ரீ க்ஷ டி டீ ணூ ஞூ ழூ றௌ ஜூ ஹூ ஷூ ணை லை கொ கோ கௌ ஔ ஃ ₹ ௧௨௩

இதில் ஒவ்வொன்றும் ஒரு சோதனை. டி, டீ இரண்டிலும் மேல்விலங்கு (இகர, ஈகரக் குறி) எழுத்தோடு ஒட்டி ஒரே வடிவமாக வர வேண்டும். தனியாக மிதந்தால் அந்த எழுத்துருவை விட்டுவிடலாம். ஸ்ரீ இரண்டு தடவை இருப்பது தட்டச்சுப் பிழை அல்ல. ஒன்று ஸகரத்தில் தொடங்குவது, மற்றது ஶகரத்தில் தொடங்குவது. எழுத்துகளுக்கு எண் வகுக்கும் யூனிகோடு தரம் பின்னால் பரிந்துரைத்தது ஶகர வரிசையை. மக்கள் விசைப்பலகையில் அடிப்பதோ பெரும்பாலும் ஸகர வரிசையை. இரண்டுக்கும் ஒரே கூட்டெழுத்து வந்தால்தான் கல்யாணப் பத்திரிகை போன்ற வேலைக்கு அந்த எழுத்துருவை எடுக்கலாம். ஞூ, ழூ, ஹூ மூன்றும் அடியில் எவ்வளவு தூரம் இறங்குகின்றன என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வரி இடைவெளியைத் தீர்மானிப்பது அவைதான். ₹ குறி தமிழ் எழுத்தின் கனத்தோடு ஒத்துப்போகிறதா, வேறு எழுத்துருவிலிருந்து இரவல் வாங்கியதுபோல் நிற்கிறதா என்பதையும் பாருங்கள். விலைப்பட்டியல் வடிவமைப்பவருக்கு இது சின்ன விஷயமல்ல.

இந்தச் சோதனையை 40 பிக்சலில் ஒரு முறையும் 15 பிக்சலில் ஒரு முறையும் செய்ய வேண்டும். பெரிதாக இருக்கும்போது எல்லா எழுத்தும் அழகுதான்.

இனி குடும்பங்கள். ஒரே ஒரு குடும்பத்தை இறக்கிக்கொள்ளச் சொன்னால் அனேக் தமிழைச் சொல்வோம். மும்பையின் ஏக் டைப் குழு 2022இல் வெளியிட்ட அனேக் வரிசை ஒன்பது இந்திய எழுத்துமுறைகளையும் லத்தீனையும் ஒரே வடிவமைப்பில் கொண்டுவந்தது. தமிழ்க் கோப்பில் இரண்டு அச்சுகள் (வேண்டிய அளவுக்கு இழுத்து மாற்றக்கூடிய குணங்கள்) உண்டு: கனம் 100 முதல் 800 வரை, அகலம் 75 முதல் 125 வரை. தனித்தனிக் கோப்புகளாக எடுத்தால் எட்டுக் கனம், ஐந்து அகலம், ஆக 40. இந்த அகல அச்சு தமிழுக்குக் கிடைத்த உண்மையான வசதி. ஆங்கிலத்தில் ஒரு வரியில் அடங்கும் தலைப்பு தமிழில் 'மாநகராட்சி நிர்வாகப் பொறியாளர் அலுவலகம்' என்று நீளும். அப்போது பலர் எழுத்தைப் பக்கவாட்டில் 80 சதவீதத்துக்கு நசுக்குகிறார்கள். நசுக்கினால் நிமிர்ந்த கோடுகள் மட்டும் மெலியும், படுத்த கோடுகள் அதே கனத்தில் இருக்கும். ண, ஞ, ணை போன்ற பல சுழி எழுத்துகள் கரிக்கட்டியாகத் தெரியும். அனேக்கில் அகலத்தை 75க்கு இழுத்தால் கோட்டின் கனம் வடிவமைப்பாளர் சரிபார்த்த அளவில் நிற்கும். குறை என்னவென்றால் அதன் முகம் கொஞ்சம் இயந்திரத்தனமானது. கவிதைத் தொகுப்பின் அட்டைக்கோ கோயில் விழா அழைப்பிதழுக்கோ ஒட்டாது.

அதே குழுவின் முக்தா மலர் 200 முதல் 800 வரை ஏழு கனங்களில் வருகிறது. நீண்ட உரையைத் திரையில் படிக்க இந்தப் பட்டியலில் இதுதான் முதல். எழுத்தின் உட்குழிவுகள் திறந்திருப்பதால் 14, 15 பிக்சலிலும் ற, ந, த மூன்றும் ஒன்றோடொன்று குழம்புவதில்லை. கனங்களின் எண்ணிக்கைக்கு இங்கே தனி மதிப்புண்டு. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சாய்வெழுத்து என்று முக்கியத்துவம் காட்டப் பல வழிகள். தமிழில் பெரிய எழுத்து சிறிய எழுத்து என்ற பிரிவே இல்லை, சாய்வும் நம் கண்ணுக்கு அவ்வளவாக ஒட்டியதில்லை. தலைப்பு, துணைத்தலைப்பு, உரை, படக்குறிப்பு என்று அடுக்குகளைப் பிரிக்கக் கனம், அளவு, நிறம் இவை மூன்றே கையில் இருக்கின்றன. ஒற்றைக் கன எழுத்துரு எவ்வளவு அழகாக இருந்தாலும் பாதி வழியில் கைவிடுவது இதனால்தான்.

ஹிந்த் மதுரை இந்தியன் டைப் ஃபவுண்டரியின் வேலை. லைட் முதல் போல்ட் வரை ஐந்து கனங்கள். செயலிகளின் பொத்தான், பட்டி, படிவம் போன்ற இடங்களுக்கு அடக்கமான தேர்வு. பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கட்டமரன் 100 முதல் 900 வரை ஒன்பது கனங்கள் கொண்டது, கோடு சீரானது. அதன் மெல்லிய கனங்கள் பெரிய அளவில் மிக நேர்த்தி. ஆனால் 9 புள்ளி (பாயின்ட்) அளவில் கறுப்புப் பின்னணியில் வெள்ளையாக அச்சடித்தால் மை பரவி மூடிவிடும். எந்தக் குடும்பமானாலும் வெள்ளை எழுத்துக்கு மீடியத்துக்குக் கீழே இறங்க வேண்டாம்.

நோட்டோ சான்ஸ் தமிழ் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லா எழுத்தும் இருக்கும், எங்கும் உடையாது, யாரும் அதைக் கவனிக்கவும் மாட்டார்கள். அதற்குத்தான் அது. தமிழ்ப் பின்னங்கள், பழைய அளவைக் குறியீடுகள் வேண்டுமென்றால் நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட் என்ற தனிக் கோப்பை இறக்க வேண்டும். அந்தக் குறிகள் யூனிகோடில் 2019இல்தான் சேர்ந்தன, மற்ற எழுத்துருக்களில் தேடினால் வெற்றுப் பெட்டிகளே மிஞ்சும்.

புத்தகப் பக்கம் என்று வந்தால் டிரோ தமிழும் நோட்டோ செரிஃப் தமிழும் இருக்கின்றன. டிரோ தமிழின் வேர் மூர்த்தி செவ்வியல் இந்திய நூலக வரிசைக்காக உருவான எழுத்தில் இருக்கிறது. அந்த வரிசையில் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் எதிரெதிர்ப் பக்கங்களில் வரும். அதனால் தமிழும் லத்தீனும் ஒரே சாம்பல் நிறத்தில் பக்கத்தை நிரப்புகின்றன, ஒலிபெயர்ப்புக்குத் தேவையான மேற்குறி கீழ்க்குறிகளும் உண்டு. ஆய்வேடு, கல்லூரி மலர், இருமொழி நூல் ஆகியவற்றுக்கு இதைவிடப் பொருத்தமானது இந்தப் பகுதியில் இல்லை. ரெகுலர், இட்டாலிக் இரண்டுதான், போல்ட் கிடையாது. தலைப்பைத் தடிக்க நினைத்து மென்பொருளின் போல்ட் பொத்தானை அழுத்தினால் போலித் தடிப்புதான் வரும்: வெளிக்கோடு நாலா பக்கமும் ஊதி, இ, ஞ, ஜ போன்றவற்றின் உட்குழிவு அடைந்துவிடும். தலைப்புக்கு அனேக்கின் செமிபோல்ட், உரைக்கு டிரோ என்று பிரித்துக்கொள்ளுங்கள். நோட்டோ செரிஃப் தமிழில் ஒன்பது கனங்களும் உண்மையான சாய்வும் உண்டு. வசதி அதிகம், ஆனால் பக்கம் சற்றே வறட்சியாகத் தெரியும்.

அலங்காரப் பக்கத்தில் பாலூ தம்பி 2 உருண்டு திரண்ட எழுத்து. 400 முதல் 800 வரை ஐந்து கனங்கள். குழந்தைகள் புத்தகம், ஐஸ்கிரீம் பொட்டலம், விளையாட்டுச் செயலி இவற்றுக்குச் சரி. வங்கி விளம்பரத்திலும் மருத்துவமனைப் பலகையிலும் இதையே பார்க்கும்போது, எடுத்தவர் மாணவர் என்பது உடனே தெரிந்துவிடுகிறது. அரிமா மென்மையான வளைவுகள் கொண்டது. முன்பு அரிமா மதுரை என்ற பெயரில் இருந்தது. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸின் கவிவாணர் சாய்ந்த கையெழுத்து வகை, ஒற்றைக் கனம். இரண்டு வரி மேற்கோளுக்கு நன்றாக இருக்கும், இரண்டு பத்திக்கு மேல் கண் வலிக்கும். அவருடைய பவனம், மலையாளத்தின் மீரா எழுத்துருக் குடும்பத்தைச் சேர்ந்த மீரா இனிமை, தடித்த காய்னி மூன்றும் ஒற்றைக் கனமே. சுவரொட்டியில் ஒரு சொல்லுக்குக் காய்னியை எடுக்கலாம்.

இறக்கும்போது ஒரு விஷயம். அனேக், கட்டமரன் போன்றவற்றின் ஜிப் கோப்பைப் பிரித்தால் மேலேயே ஒரு வேரியபிள் கோப்பும் (எல்லாக் கனமும் ஒரே கோப்பில் அடங்கியது), 'ஸ்டாட்டிக்' என்ற உறைக்குள் தனித்தனிக் கனங்களும் இருக்கும். திரை வேலைக்கும், திரை வடிவமைக்கும் ஃபிக்மா செயலிக்கும் வேரியபிள் வசதி. ஃபிக்மாவில் இந்தக் குடும்பங்கள் ஏற்கெனவே இருப்பதால் நிறுவவே வேண்டாம். அச்சுக்குப் போகும் வேலைக்கு ஸ்டாட்டிக் கோப்புகளை மட்டும் நிறுவுங்கள். இரண்டையும் சேர்த்து நிறுவினால் ஒரே பெயர் மெனுவில் இரண்டு முறை வந்து, எந்தக் கனம் எதிலிருந்து வருகிறது என்பது தெரியாமல் போகும். வேரியபிள் கோப்பில் இன்னொரு பொறியும் உண்டு. எழுத்தின் பாகங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய தனி வடிவங்களாக இருக்கலாம். எழுத்தை வெறும் வடிவமாக மாற்றி (அவுட்லைன்) வெளிக்கோடு கொடுத்தால் எழுத்தின் வயிற்றுக்குள் குறுக்குக் கோடுகள் தெரியும். இல்லஸ்ட்ரேட்டரில் பாத்ஃபைண்டரின் 'யுனைட்' கொடுத்தால் அவை மறையும்.

தமிழ் ஏன் உடைகிறது

எழுத்துருவைக் குறை சொல்வதற்கு முன் பார்க்க வேண்டிய இடம் இது. தமிழில் கொம்பு, ஒலிக்கும் வரிசையில் மெய்க்குப் பின்னால் தட்டச்சாகி, திரையில் அதற்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்வது மென்பொருளின் எழுத்துக் கோர்ப்பு இயந்திரம். அடோபி செயலிகளில் லத்தீனுக்கான இயந்திரமே இயல்பாக இயங்கும் நிலை இன்னும் பல கணினிகளில் உண்டு. அப்போது 'தேர்' என்பதில் இரட்டைக்கொம்பு தகரத்துக்குப் பின்னால் போய்விடும், 'டி' பிரியும், உகரக் குறி தனியே தொங்கும், சில இடங்களில் புள்ளி வட்டம் முளைக்கும்.

இன்டிசைனில் பத்திப் பாணியைத் திறந்து, 'ஜஸ்டிஃபிகேஷன்' பகுதியில் கம்போசரை, அதாவது கோர்ப்பு இயந்திரத்தை, 'அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்' என்று மாற்ற வேண்டும். கோப்பு எதுவும் திறக்காத நிலையில் பாராகிராஃப் பலகையின் மெனுவில் இதை மாற்றிவிட்டால், அதன்பின் தொடங்கும் எல்லாக் கோப்புக்கும் அது நிலைக்கும். கூடவே 'அட்வான்ஸ்டு கேரக்டர் ஃபார்மட்ஸ்' பகுதியில் மொழியைத் தமிழ் என்று வையுங்கள். வரி முடிவில் சொல் எங்கே பிரியலாம் என்பதைச் செயலி அதை வைத்தே முடிவு செய்கிறது. மொழி ஆங்கிலம் என்று இருந்தால் நீண்ட சொல் பிரியாமல் அடுத்த வரிக்குத் தாவும்; விட்ட வரியில் சொற்களுக்கு நடுவே பள்ளம் விழும்.

இல்லஸ்ட்ரேட்டரில் 'பிரிஃபரன்சஸ்' திறந்து, 'டைப்' பகுதியில் 'ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்' என்பதைத் தேர்வு செய்தபின், பாராகிராஃப் பலகை மெனுவில் 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்' கம்போசரைக் கொடுக்க வேண்டும். ஃபோட்டோஷாப்பில் இந்த அமைப்பின் இடம் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது. 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' என்ற பெயரைத் தேடிப் பிடியுங்கள். ஏற்கெனவே அடித்த உரைப்பெட்டிகள் தானாகச் சரியாகாமல் போகலாம், பெட்டியைத் தேர்ந்து ஒவ்வொன்றாக மாற்ற வேண்டிவரும். அடோபி வாங்க வசதியில்லாதவர்கள் இங்க்ஸ்கேப்பிலும், 1.5க்குப் பிந்தைய ஸ்கிரைபஸிலும் இந்தத் தொல்லை இல்லாமல் வேலை செய்யலாம்.

இன்னொரு வகை உடைசல், வாடிக்கையாளர் அனுப்பும் உரையிலிருந்து வருவது. டிடிபி சென்டர்களில் இன்னும் பாமினி வகை எழுத்துருக்கள் புழங்குகின்றன. அவற்றில் தமிழ் எழுத்து என்பது ஆங்கில எழுத்தின் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் படம் மட்டுமே: 'தமிழ்' என்பதன் உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அந்த உரையை முக்தா மலருக்கு மாற்றினால் அந்த ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். எழுத்துரு கெட்டுவிட்டதாக மாணவர்கள் பதறுவது இங்கேதான். யூனிகோடு மாற்றியில் போட்டு எடுத்தபின் ரகரம் வர வேண்டிய இடத்தில் துணைக்கால், ஔ வர வேண்டிய இடத்தில் ஒகரமும் ளகரமும் என்று குழப்பங்கள் தங்கியிருக்கும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். தேடினால் கிடைக்காது, வரி முடிவில் ஒன்று இங்கும் மற்றது அங்கும் பிரிந்து போகும். முழு உரையையும் ஒரு தடவை வாசித்துத் திருத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

இடைவெளி

தமிழ் எழுத்துக்கு மேலேயும் கீழேயும் உறுப்புகள் உண்டு. கீ, ஷீ மேலே எழும்பும். ழூ, ஞூ கீழே இறங்கும். ஆங்கிலத்துக்குப் பழகிய 1.2 மடங்கு வரி இடைவெளியில் இரண்டும் மோதும். திரை உரைக்கு 1.6 மடங்கில் தொடங்குங்கள், அச்சில் 10 புள்ளி எழுத்துக்கு 15 அல்லது 16 புள்ளி. தலைப்புக்கு 1.3 வரை இறுக்கலாம், ஆனால் முதல் வரியில் எந்தக் கீழ் உறுப்பும் இரண்டாம் வரியில் எந்த மேல் உறுப்பும் நேருக்கு நேர் வரவில்லை என்பதைக் கண்ணால் பார்த்தபின்.

கட்டமரன், முக்தா மலர் போன்றவை தம்முள்ளேயே ஏறத்தாழ 1.6 மடங்கு உயரத்தை வைத்திருக்கின்றன. ஃபிக்மாவில் வரி உயரத்தைத் தானியங்கியாக விட்டால் பொத்தானுக்குள் தமிழ்ச் சொல் நடுவில் நிற்பதாக எண்கள் காட்டும், கண்ணுக்கோ மேலேறித் தெரியும் அல்லது கீழிறங்கித் தெரியும். எண்ணை விட்டுவிட்டு, 'ப' என்ற எழுத்தின் உடலை நடுவாக வைத்து மேலும் கீழும் உள்ள வெற்றிடத்தைச் சமப்படுத்துங்கள். பொத்தானின் உயரத்தைக் கறாராகக் கட்டிவிட்டால் ஞு, ழு வகையின் வால் வெட்டுப்படும். செயலிகளில் 'தொழு', 'எழுது' போன்ற சொற்கள் வால் அறுந்து நிற்பதற்குக் காரணம் இது.

எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி சேர்க்கும் டிராக்கிங்கைத் தமிழ் உரையில் தொடாதீர்கள். இணைய உலாவி ஓர் உயிர்மெய்யை ஒரே அலகாக எண்ணி இடைவெளி விடும். அச்சுச் செயலிகள் வடிவத்துக்கு வடிவம் விடுகின்றன. 'கொ' என்பதில் கொம்பு ஒரு பக்கமும் கால் மறுபக்கமுமாக விலகும், தனித்து நிற்கும் துணைக்கால் ரகரம்போல வாசிக்கப்படும். பிராண்டு பெயர்களை அகலப்படுத்தும் ஆங்கில வழக்கத்தைத் தமிழ்ப் பெயர்ப்பலகைக்குக் கொண்டுவந்து சொதப்பிய கடைகளை எந்தக் கடைவீதியிலும் பார்க்கலாம். இருபுறமும் நேராக்கும் பத்தி அமைப்பில் இன்டிசைன் இயல்பாகத் தரும் சொல் இடைவெளி குறைந்தது 80, விரும்புவது 100, அதிகபட்சம் 133 சதவீதம். அதையே விட்டு எழுத்து இடைவெளி மூன்றையும் பூஜ்யமாக வையுங்கள், எழுத்து வடிவத்தின் அகலத்துக்கு 98 முதல் 102 சதவீதம் வரை இடம் கொடுங்கள். பத்தியின் அகலம் வரிக்கு மூன்று நான்கு சொற்கள்தான் பிடிக்கும் என்றால் இடப்பக்க ஒழுங்கே போதும். நாளிதழ்கள் ஒட்டுக்கோடு போடாமலே சொல்லை எழுத்துக்கு எழுத்து முறித்துச் சமாளிக்கின்றன. அதுவும் நம் வாசகருக்குப் பழகிய வழிதான்.

தமிழுக்கு ஒரு குடும்பம், ஆங்கிலத்துக்கு வேறு குடும்பம் என்று சேர்ப்பவர்கள் புள்ளி அளவைச் சமமாக வைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். இரண்டையும் 100 புள்ளியில் வைத்து, 'ப' உயரத்தையும் ஆங்கிலச் சிறிய எக்ஸ் எழுத்தின் உயரத்தையும் அளந்து பாருங்கள். பகரம் எக்ஸைவிடச் சற்று உயரமாக, ஆங்கிலப் பெரிய எழுத்தைவிடத் தாழ்வாக நின்றால் பக்கத்தில் சமமாகத் தெரியும். பகரமும் பெரிய எழுத்தும் ஒரே உயரம் என்றால் தமிழ் கத்துவதுபோல் இருக்கும். தமிழை 90 சதவீதத்துக்குக் குறைத்துப் பாருங்கள். பிறகு கனம்: ஆங்கில ரெகுலருக்குத் தமிழின் ரெகுலர் கறுப்பாகத் தெரிந்தால் லைட்டுக்கு ஒரு படி இறங்கலாம். வேரியபிள் கோப்பு உதவுவது இங்கேதான். 400க்கும் 300க்கும் நடுவே 360இல் நிறுத்த முடியும்.

அச்சகமும் உரிமமும்

ஃப்ளெக்ஸ் கடைக்கு எழுத்தை எழுத்தாகவே அனுப்பாதீர்கள். பல கடைகளில் பழைய கோரல்டிராதான் ஓடுகிறது, அதில் யூனிகோடு தமிழ் சிதறும். அங்கிருப்பவர் நல்ல மனதோடு அதைப் பாமினியில் மறுபடி அடித்துக் கொடுப்பார், உங்கள் எழுத்துரு காற்றில் போகும். எழுத்தை வெறும் வடிவமாக மாற்றிய (கர்வ்ஸ்) பிடிஎஃப் கொடுங்கள்: இல்லஸ்ட்ரேட்டரில் கன்ட்ரோல், ஷிப்ட், ஓ, கோரலில் கன்ட்ரோல், கியூ. அதற்கு முன் திருத்தக்கூடிய பிரதியைத் தனிப் பெயரில் சேமிப்பது கட்டாயம். கடைசி நிமிடத்தில் இனிஷியல் மாறாத அழைப்பிதழ் கிடையாது. உரைக்குக் கறுப்பு மை மட்டும் 100 சதவீதம். நாலு மையும் கலந்த கறுப்பில் சிறிய தமிழ் எழுத்தின் ஓரத்தில் வண்ண நிழல் விழும்.

மேலே சொன்ன குடும்பங்கள் எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தில் வருகின்றன. வணிக வேலை, சின்னம், புத்தகம், செயலி எதற்கும் பயன்படுத்தலாம், பிடிஎஃப்பில் பொதிக்கலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. வடிவத்தை மாற்றி வெளியிட்டால் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். மூல உரிமையாளர் பெயரை ஒதுக்கி வைத்திருந்தால் புதுப் பெயர் சூட்ட வேண்டும். மாணவர்கள் பயன்படுத்திக்கொள்ளாத சலுகை இதுதான். முக்தா மலரின் ஐந்து எழுத்தைக் கட்டணமில்லாத ஃபான்ட்ஃபோர்ஜில் திறந்து, கோட்டின் முனையை வெட்டி, உருட்டி, மாற்றிப் பார்ப்பது ஒரு பருவப் பாடத்துக்கு ஈடான பயிற்சி. இகரக் குறியை ஒரே ஒரு மெய்யில் மாற்றினால் போதாது, பதினெட்டிலும் இடம் பார்க்க வேண்டும் என்பது அப்போதுதான் கைக்குப் புரியும்.

எங்கே பார்த்துக் கற்பது

கூகுள் ஃபான்ட்ஸில் கிடைக்காதது பழைய முகங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்கு முந்தைய அச்சில் ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கும் ணா, றா, னா வரிசைக்கும் வேறு வடிவங்கள் இருந்தன, மொத்தம் 13 எழுத்துகள். 1950களின் சினிமாப் பாட்டுப் புத்தகம் மாதிரி ஓர் அட்டை செய்யச் சொன்னால் இந்தப் பகுதியில் உள்ள எதை எடுத்தாலும் காலம் தப்பும். அந்த எழுத்துகளைக் கையால் வரைவதே வழி. மாதிரிக்கு எழுத்துருத் தளங்களில் தேட வேண்டாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் 19ஆம் நூற்றாண்டு நூல்கள் முழுப் பக்கப் படங்களாகக் கிடைக்கின்றன. ஈழத்து அச்சுக்கு நூலகம் தளம் இருக்கிறது. சென்னையின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இதழ்கள், துண்டுப் பிரசுரங்கள், விளம்பரங்கள் உள்ளிட்ட பெரும் திரட்டு உண்டு. நேரில் போகிறவர்கள் என்ன வகை அச்சு, எந்தக் காலம் என்று முன்பே எழுதிக்கொண்டு போனால் நூலகர் உதவ முடியும்.

பார்ப்பது மட்டும் போதாது, அளக்க வேண்டும். ஒரு பக்கத்தைப் பெரிதாக்கி அச்சிட்டு, நான்கு கோடு இழுங்கள்: மேல்விலங்கின் உச்சி, பகரத்தின் தலை, பகரத்தின் அடி, ழூவின் கடைசி. நான்கு கோடுகளுக்கு நடுவே உள்ள மூன்று உயரங்களின் விகிதத்தைக் குறியுங்கள். பிறகு அ, க, ண, ழ, ஞ ஐந்திலும் நிமிர்ந்த கோட்டின் கனத்தையும் படுத்த கோட்டின் கனத்தையும் தனித்தனியே அளந்து பாருங்கள். ஆங்கில எழுத்தில் பழகியதை வைத்து எது தடித்திருக்கும் என்று ஊகிக்க வேண்டாம். ஸ்கேன் படத்தில் மை பரவிய தடிப்பும் சேர்ந்திருக்கும். அதனால் ஒரே எழுத்து வரும் ஐந்து இடங்களை அளந்து அவற்றில் மிக மெலிந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். இதே நான்கு கோடுகளை டிரோ தமிழிலும் அனேக்கிலும் இழுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.